"ரெண்டா வச்சிடுங்க டாக்டர்!"

"எப்படியும் இவ்வளவு செலவு பண்றோம்… ரெண்டா வச்சிடுங்க டாக்டர். ஒரே பிரசவத்துல முடிஞ்சிடும்."

கருத்தரிப்பு மையங்களில் இது பழகிப்போன பேச்சு. பல வருடம் காத்திருந்து, நகையை அடகு வைத்து, ஆபீஸில் கெஞ்சி லீவு வாங்கி வந்து உட்கார்ந்திருக்கும் தம்பதி இப்படிக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் வாய் திறக்காவிட்டாலும் கூட வந்த மாமியார் கேட்டுவிடுவார்.

ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தை வயசுப்பெண் கையில் எடுத்தால் பாட்டி தட்டிப் பிடுங்கிய ஊரும் இதுதான். "ரெட்டைப் பழம் தின்னா ரெட்டைப் புள்ள பொறக்கும்டி" என்பது அன்றைக்கு எச்சரிக்கை. வீட்டில் நடந்த பிரசவத்தில் ஒன்று பிழைப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில், இரண்டு என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும். இன்றோ இரட்டை என்பது ஒரு பிரசவச் செலவில் இரண்டு பிள்ளை என்கிற சலுகை விலை ஆகிவிட்டது. பயந்தவர்களும் ஆசைப்படுகிறவர்களும் கேட்ட கேள்வி மட்டும் ஒன்றுதான்: யாருக்கு இரட்டை பிறக்கும்?

இந்தக் கேள்விக்கு இன்று ஓரளவு நல்ல விடைகளே இருக்கின்றன. உலகம் முழுக்க 135 நாடுகளுக்கு மேல் கணக்குகளைத் திரட்டி, கிறிஸ்டியான் மோண்டன், ஜில் பிசோன், யெரூன் ஸ்மிட்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் 1,000 பிரசவத்துக்கு 9 ஜோடி என்றிருந்த விகிதம், 2010–15 காலத்தில் 12 ஜோடியாக உயர்ந்துவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் ஜோடிகள். பூமியில் பிறக்கும் 42 குழந்தைகளில் ஒன்று இரட்டையரில் ஒருவர். அநேகமாக மனித வரலாற்றிலேயே இரட்டையர் மிகுந்த காலத்தில் நாம் வாழ்கிறோம் என்பது அவர்களின் முடிவு. வாழைப்பழ விற்பனை கூடியதால் இது நடக்கவில்லை.

ஒரு முட்டையா, இரண்டு முட்டையா?

எதைப் பேசுவதற்கும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே அச்சாகப் பிறக்கும் இரட்டையர் ஒரு வகை. ஒரே நாளில் பிறந்த அண்ணன் தங்கை போல இருப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையில் ஒரே முட்டை கருவாகி, அதன் பிறகு இரண்டாகப் பிரிகிறது. இரண்டாம் வகையில் அந்த மாதம் இரண்டு முட்டைகள் வெளிவந்து, இரண்டும் தனித்தனியே கருவாகின்றன.

ஒரு முட்டை இரட்டையர் விஷயத்தில் சொல்வதற்கு அதிகம் இல்லை. 1,000 பிரசவத்துக்கு 3 முதல் 4 ஜோடி. ஜப்பானோ நைஜீரியாவோ, அம்மாவுக்கு 20 வயதோ 40 வயதோ, குண்டோ ஒல்லியோ, கணக்கு பெரிதாக மாறுவதில்லை. பெரும்பாலான குடும்பங்களில் இது பரம்பரையாகவும் வருவதில்லை. கரு ஏன் பிரிகிறது என்பதற்கு உறுதியான காரணம் இதுவரை பிடிபடவில்லை. ஆக, "எங்க பரம்பரையிலேயே ரெட்டை உண்டு" என்பதும், அந்தக் கிழங்கு, இந்தக் கீரை என்பதும் இரண்டு முட்டை இரட்டையருக்குப் பொருந்தினால்தான் உண்டு.

மரபணுச் சோதனை இல்லாத காலத்திலேயே இந்த இரு வகையையும் பிரித்து எண்ணக் கற்றுக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் வைன்பெர்க் என்ற மருத்துவர் 1901இல் சொன்ன வழி அது. ஆணும் பெண்ணுமாகப் பிறந்த ஜோடி கட்டாயம் இரண்டு முட்டைதான். இரண்டு முட்டை ஜோடிகளில் ஏறத்தாழ பாதி ஆணும் பெண்ணுமாக இருக்கும். எனவே ஊரில் உள்ள ஆண்–பெண் ஜோடிகளை எண்ணி இரண்டால் பெருக்கினால் இரண்டு முட்டை ஜோடிகளின் தொகை கிடைத்துவிடும். ஒரு பென்சிலும் பிறப்புப் பதிவேடும் போதும்.

அப்படி எண்ணிப் பார்த்தபோதுதான் நாட்டுக்கு நாடு, இனத்துக்கு இனம், தாய்க்குத் தாய் மாறுவது முழுவதும் இரண்டாம் வகை மட்டுமே என்று தெரிந்தது.

எஃப்.எஸ்.ஹெச். எனும் சூத்திரதாரி

குழந்தைக்காக மருத்துவமனை ஏறி இறங்கிய பெண்களுக்கு எஃப்.எஸ்.ஹெச். என்ற பெயர் பழக்கமானது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் முதல் வரியிலேயே இருக்கும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் இந்த ஹார்மோன்தான் சினைப்பையில் முட்டைகளை வளர்க்கிறது. ஒவ்வொரு மாதமும் பல முட்டைகள் வளரத் தொடங்குகின்றன. அவற்றில் ஒன்று முந்திக்கொண்டதும் எஃப்.எஸ்.ஹெச். அளவு இறங்கிவிடுகிறது, மற்றவை வாடிப்போகின்றன. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வரிசையின் முதல் குடம் மட்டும் நிறைந்து குழாய் நின்றுவிடுவதைப் போல. தண்ணீர் இன்னும் கொஞ்ச நேரம் வந்தால் இரண்டாவது குடமும் நிறையும். இரண்டு முட்டை இரட்டையர் உருவாவதன் அடிப்படை இதுதான். வயது, உயரம், எடை, பரம்பரை, மருந்து என்று இனி வரப்போகும் காரணங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் இந்தக் குழாயைத் திறந்து வைப்பவையே.

முதலில் வயது. வயது ஏற ஏறக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இயல்பாகக் கருத்தரிப்பவர்களில் இரட்டை பிறக்கும் விகிதம் 30ஐத் தாண்டியதும் ஏறிக்கொண்டே போய் 35–39 வயதில் உச்சம் தொடுகிறது. நெடுங்காலம் இது புதிராகவே இருந்தது. முட்டை தீர்ந்துகொண்டிருக்கும் வயதில் எப்படி இரண்டு முட்டை?

தீர்ந்துகொண்டிருப்பதுதான் காரணம். சினைப்பையில் இருப்பு குறையும்போது, "போதும், நிறுத்து" என்று மூளைக்குப் போகும் செய்தியும் பலவீனமாகிறது. எஃப்.எஸ்.ஹெச். இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் நிற்கிறது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 35ஐக் கடந்த பெண்களுக்கு ஒரே மாதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகள் முதிர்வது அதிகம் என்பதை ஸ்கேனிலேயே பார்த்தார்கள். 2020இல் வந்த இன்னொரு ஆய்வு ஒரு படி மேலே போனது. வயது கூடும்போது பல கருக்கள் தொடக்கத்திலேயே கலைந்துவிடுகின்றன. அதை ஈடுகட்டத்தான் உடம்பு இரண்டு முட்டைகளாக வெளியிடப் பழகியது, ஒன்றாவது நிலைக்கும் என்ற கணக்கு அது, சில நேரம் இரண்டுமே நிலைத்துவிடுகின்றன என்பது அந்த ஆய்வாளர்களின் வாதம். இந்தப் பார்வையில் இரட்டைக் குழந்தைகள் இயற்கையின் இலக்கே இல்லை. ஒரு காப்பீட்டுத் திட்டத்தின் பக்க விளைவு.

இதைப் படித்துவிட்டு, "அப்படின்னா 37 வரைக்கும் பொறுத்திருந்தா ரெட்டையா வாங்கிடலாமா?" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. கூடுவது பிரசவித்தவர்களுக்குள் இரட்டையரின் பங்கு மட்டும். பிரசவிக்கிறவர்களின் தொகை அந்த வயதில் சரிந்துகொண்டிருக்கும்.

ஏற்கெனவே பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒரு காரணம். முதல் பிரசவத்தைவிட நான்காவது ஐந்தாவது பிரசவத்தில் இரட்டைக்கான வாய்ப்பு கூடுதல். இரண்டோடு நிறுத்திவிடும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இது பாட்டி காலத்துச் செய்தி.

உயரம், எடை, கிழங்கு, பால்

அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை 50,000க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். முட்டை வளர்க்கும் மருந்துகள் புழக்கத்துக்கு வராத காலம் என்பதால், இயற்கை என்ன செய்கிறது என்று பார்க்க அது நல்ல ஆவணம். 2005இல் அதை மறுபடி அலசியபோது இரண்டு விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன. உயரமான பெண்களுக்கும், உடல் எடைக் குறியீடு 30ஐத் தாண்டிய பெண்களுக்கும் இரண்டு முட்டை இரட்டையர் பிறப்பது மற்றவர்களைவிட அதிகம். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் உணவுப் பஞ்சம் வந்ததும் இரட்டையர் விகிதம் இறங்கியது, பின்னர் மீண்டது என்ற பழைய பதிவும் இதோடு சேர்கிறது. உடம்பில் சேமிப்பு இருந்தால்தான் குழாய் கூடுதல் நேரம் திறந்திருக்கும் போலும்.

கேரி ஸ்டைன்மேன் என்ற நியூயார்க் மருத்துவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பரபரப்பானது. பால், முட்டை, இறைச்சி எதையும் தொடாத பெண்களுக்கு இரட்டை பிறப்பது மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் என்றார் அவர். வளர்ச்சி ஹார்மோனோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப். என்ற புரதம் பால் குடிப்பவர்களின் ரத்தத்தில் கூடுதலாக இருப்பதைக் காரணமாகக் காட்டினார். உடனே பத்திரிகைகள் 'பால் குடித்தால் இரட்டைக் குழந்தை' என்று தலைப்புப் போட்டுவிட்டன. அவர் பார்த்தது ஒரு தொடர்பை. யாருக்கும் பால் கொடுத்துப் பார்த்துச் சோதிக்கவில்லை. தினமும் காலையில் ஃபில்டர் காபி குடிக்கும் கும்பகோணத்தில் வீட்டுக்கு வீடு இரட்டையர் இல்லை என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

கர்ப்பத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஃபோலிக் அமில மாத்திரை மீதும் ஒரு காலத்தில் இந்தச் சந்தேகம் விழுந்தது. சீனாவில் 2,40,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்த ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் இரட்டையர் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கிற மாத்திரை அது. இரட்டைக்கு ஆசைப்பட்டுக் கூடுதலாகவோ, பயந்து குறைவாகவோ சாப்பிட ஒரு காரணமும் இல்லை.

அம்மா வழியா, அப்பா வழியா?

மகாபாரதத்தில் மாத்ரிக்கு நகுலனும் சகாதேவனும் இரட்டையராகப் பிறந்தது, அசுவினி தேவர்களே இரட்டையர் என்பதால். அப்பா இரட்டை என்றால் பிள்ளைகளும் இரட்டை. கதையில் அழகான பொருத்தம், உயிரியலில் செல்லாது. அந்த மாதம் எத்தனை முட்டை வெளிவர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மனைவியின் உடம்பு. கணவர் இரட்டையாகப் பிறந்திருந்தாலும் அதில் அவருக்குப் பங்கில்லை.

அமெரிக்காவின் மோர்மன் சமயத்தவர் தங்கள் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவைப்பவர்கள். அந்த ஏடுகளை வைத்து 1964இல் வந்த ஆய்வு இதை எண்ணிக் காட்டியது. தாம் இரண்டு முட்டை இரட்டையராகப் பிறந்த பெண்களுக்கு 58 பிரசவத்தில் ஒன்று இரட்டை. கணவர் மட்டும் அப்படிப் பிறந்தவராக இருந்தால் 116இல் ஒன்று. அதாவது ஊர் சராசரியைத் தாண்டவில்லை.

அதற்காக அப்பா வழி அடியோடு வெட்டுப்பட்டுவிடுவதும் இல்லை. இரட்டைக்கு உதவும் மரபணு ஓர் ஆணின் உடம்பில் ஊமையாக இருந்து, அவருடைய மகளுக்குப் போய்ச் சேரலாம். அவள் பிள்ளை பெறும்போது அது வேலை செய்யும். "ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருப்பது இதனால்தான். அப்பத்தாவுக்கு இரட்டை, அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, பேத்திக்கு இரட்டை. தாவிப் போனதாகத் தோன்றும் அந்த ஒரு தலைமுறையில் சரக்கைச் சுமந்தவர் அப்பா.

அந்தச் சரக்கு எது என்பதும் ஓரளவு தெரிந்துவிட்டது. நெதர்லாந்து இரட்டையர் பதிவேட்டைச் சேர்ந்த டோரெட் போம்ஸ்மா குழுவினர், ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, இரண்டு முட்டை இரட்டையரை இயல்பாகப் பெற்ற ஏறத்தாழ 2,000 தாய்மாரின் மரபணுக்களை ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு இடங்கள் சிக்கின. ஒன்று, எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனையே உருவாக்கும் மரபணுவின் அருகில் இருப்பது. மற்றொன்று, அந்த ஹார்மோனுக்குச் சினைப்பை எப்படிச் செவிசாய்க்கிறது என்பதில் பங்குள்ள 'ஸ்மாட்3'. மறுபடியும் அதே குழாய்தான். இரண்டும் அமைந்த பெண்ணுக்கு வாய்ப்பு 29 விழுக்காடு கூடும் என்றார்கள். நூற்றுக்கு ஒன்றாக இருக்கும் வாய்ப்பு 29 விழுக்காடு கூடினால் நூற்றுக்கு ஒன்றே கால் சொச்சம். மரபணு என்றதும் வாயைப் பிளக்க வேண்டியதில்லை.

மூன்று ஊர்கள்

இரட்டையர் என்றதும் தொலைக்காட்சிக் கேமராக்கள் ஓடும் ஊர், நமக்குப் பக்கத்திலேயே கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இருக்கிறது. திரூரங்காடிக்கு அருகே உள்ள கொடிஞ்ஞி. சுமார் 2,000 குடும்பங்கள் வாழும் அந்த ஊரில் 2008இல் எண்ணியபோது 200க்கும் மேற்பட்ட ஜோடிகள் இருந்தார்கள். அதன் பிறகும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் இரட்டையருக்கென்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஊர் எல்லையில் வரவேற்புப் பலகையும் உண்டு. இரட்டையர் விகிதம் உலகிலேயே குறைவாக உள்ள பகுதிகளில் தெற்காசியாவும் ஒன்று. அதன் நடுவே இப்படி ஓர் ஊர்.

கொடிஞ்ஞியின் விசேஷம் என்னவென்றால், மேலே சொன்ன காரணங்கள் அங்கே பொருந்தவில்லை. பெண்களுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகிவிடுகிறது. அசாதாரண உயரமும் இல்லை. சாப்பாடு மலப்புறத்தின் மற்ற ஊர்களில் உள்ளதுதான். கருத்தரிப்பு மருந்து காரணம் என்று சொல்லவும் வழியில்லை. அது வருவதற்கு முன்பே இரட்டையர் பிறக்கத் தொடங்கிவிட்டார்கள். ஊரின் முதல் இரட்டையர் மூன்று தலைமுறைக்கு முன்னால் பிறந்ததாக, இதை நெடுநாள் கவனித்துவந்த மருத்துவர் கிருஷ்ணன் ஸ்ரீபிஜு சொல்லியிருக்கிறார். 2016இல் ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையம் (சி.சி.எம்.பி.) உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் வந்து எச்சில், தலைமுடி மாதிரிகளை எடுத்துப் போனார்கள். இதுதான் காரணம் என்று கைகாட்டும் முடிவு இன்னும் வரவில்லை.

தென்மேற்கு நைஜீரியாவில், ஓயோ மாநிலத்தில் இருக்கும் இக்போ-ஓரா தன்னை 'உலக இரட்டையர் தலைநகர்' என்று சொல்லிக்கொள்கிறது. 1960–80களில் இந்தப் பகுதியை ஆராய்ந்தவர் மருத்துவர் நைலாண்டர். 1,000 பிரசவத்துக்கு 45 முதல் 50 ஜோடி என்று அவர் பதிவு செய்தார். வாழ்பவர்கள் யொரூபா இனத்தவர். ஊரில் கேட்டால் யாம் என்ற கிழங்கின் மாவில் கிண்டும் 'அமலா'வையும், வெண்டை இலையில் வைக்கும் 'இலாசா' குழம்பையும் காட்டுவார்கள். அதே கிழங்கையும் அதே குழம்பையும் சாப்பிடும் மற்ற ஊர்களில் இவ்வளவு இரட்டையர் இல்லை என்று எதிர்க்கேள்வி கேட்கும் மருத்துவர்கள் நைஜீரியாவிலேயே உண்டு. நைலாண்டர் பார்த்த ரத்த மாதிரிகளில் திரும்பத் திரும்ப இரட்டை பெற்ற தாய்மாருக்கு எஃப்.எஸ்.ஹெச். அளவு கூடுதலாக இருந்தது.

யொரூபாவில் முதலில் பிறப்பவர் தைவோ, அடுத்துப் பிறப்பவர் கெஹிண்டே. ஆணோ பெண்ணோ, பெயரை யோசிக்கவே வேண்டாம். இரண்டாவதாகப் பிறப்பவர்தான் மூத்தவர் என்பது அவர்கள் கணக்கு: "உலகம் எப்படி இருக்கிறது, போய்ப் பார்த்துவா" என்று தைவோவை முன்னால் அனுப்பிவிட்டு, அழுகைச் சத்தம் கேட்ட பிறகு கெஹிண்டே வருகிறார்.

மூன்றாவது ஊர், தெற்கு பிரேசிலில் உள்ள காண்டிடோ கொடோய். ஜெர்மனியிலிருந்து போய்க் குடியேறியவர்களின் வழிவந்த விவசாயிகள். நீல விழி, பொன்னிற முடி கொண்ட இரட்டையர் அங்கே நிறைய. அதில் ஒரு திகில் கதை வந்து ஒட்டிக்கொண்டது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இரட்டைக் குழந்தைகளைச் சித்திரவதை செய்து 'ஆராய்ச்சி' நடத்திய நாஜி மருத்துவன் யோசெஃப் மெங்கெலே, போருக்குப் பின் தென்னமெரிக்காவுக்குத் தப்பியோடி 1979இல் பிரேசில் கடலில் மூழ்கிச் செத்தவன். அவன் 1960களில் இந்த ஊருக்கு மாட்டு வைத்தியன் வேடத்தில் வந்து பெண்களுக்கு ஏதோ மருந்து கொடுத்தான் என்று அர்ஜென்டினா பத்திரிகையாளர் ஹோர்ஹே கமரசா புத்தகம் எழுத, உலகம் முழுக்கச் செய்தியானது.

பிரேசில் மரபியலாளர்கள் அலட்டிக்கொள்ளாமல் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். மெங்கெலே பிரேசிலுக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இரட்டையர் அதிகம். அவன் வந்ததாகச் சொல்லும் ஆண்டுகளில் தனியாக ஏற்றம் எதுவும் இல்லை. சில குடும்பங்கள் வந்து குடியேறி, தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில், முதல் குடியேறிகள் சிலரிடம் இருந்த மரபுக்கூறு ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது என்பது 2011இல் வெளியான அவர்களின் முடிவு. இரட்டை பெற்ற தாய்மாரிடம் பி53 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவம் கூடுதலாக இருந்ததையும் கண்டார்கள். கருப்பையில் கரு ஒட்டி நிலைப்பதில் அந்த மரபணுவுக்குப் பங்குண்டு.

அந்த ஊர்ப் பெண்களுக்கு இரட்டைக் கரு அதிகமாக உண்டாகாமலும் இருக்கலாம். உண்டானது கலையாமல் நிற்பதுகூடக் காரணமாகலாம். இந்த இடத்தைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. ஆறேழு வாரத்தில் ஸ்கேனில் இரண்டு தெரிந்து, 12 வாரத்தில் ஒன்றே இருப்பது மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது. இரட்டையாகத் தொடங்கும் கர்ப்பங்களில் 20 முதல் 30 விழுக்காடு இப்படி ஒன்றாகிவிடுவதாகக் கணக்கு. பல பெண்களுக்குத் தாங்கள் இரட்டை சுமந்தது தெரியாமலே போயிருக்கும்.

நான்காவது ஊர்: கருத்தரிப்பு மையம்

இயற்கையின் காரணங்கள் எல்லாம் நூற்றுக்கு ஒன்றை ஒன்றரையாக்கும். அபூர்வமாகச் சில ஊர்களில் நான்கு ஐந்தாக்கும். மருந்துச் சீட்டு ஒன்று அதை ஒரே மாதத்தில் முப்பதாக்கிவிடும்.

முட்டை வளர்வதற்கென்று முதலில் தரப்படும் குளோமிஃபீன் மாத்திரை, மூளையை ஏமாற்றி எஃப்.எஸ்.ஹெச். சுரப்பைக் கூட்டுகிறது. இதில் கருத்தரிப்பவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு இரட்டை. பி.சி.ஓ.டி. எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கு இப்போது பரவலாகத் தரப்படும் லெட்ரோசோலில் இது குறைவு. இரண்டையும் ஒப்பிட்டு 2014இல் வந்த அமெரிக்க ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களுக்கே குழந்தை பிறப்பதும் அதிகமாக இருந்தது. எஃப்.எஸ்.ஹெச்.சையே நேரடியாக ஏற்றும் ஊசிகளில், கருத்தரிப்பவர்களில் மூன்றில் ஒருவர் வரை ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தையைச் சுமக்க நேரலாம். முட்டை எத்தனை வளர்கிறது என்று ஸ்கேன் செய்து பார்க்காமல், பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அல்ல இது. மூன்று, நான்கு என்று உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

சோதனைக்குழாய் முறையில் விதியின் விளையாட்டுக்கு இடம் குறைவு. எத்தனை கரு உள்ளே போகிறது என்பதை மனிதர்களே முடிவு செய்கிறார்கள். 1990இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கவைத்த காலத்தில், ஒரு கருவை மட்டும் நம்பி இறங்குவது உலகம் முழுக்கவே துணிச்சலான காரியம். வெற்றி விகிதம் அவ்வளவு குறைவு. இரண்டோ மூன்றோ நான்கோ வைத்தார்கள். ஆய்வகங்களும் கருவை உறையவைக்கும் நுட்பமும் மேம்பட்ட பிறகு அந்த நியாயம் கரைந்துபோனது. பழக்கம் மட்டும் போகவில்லை.

ஸ்வீடன் தலைமையில் 661 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2004இல் வந்தது. அனைவரும் 36 வயதுக்கு உட்பட்டவர்கள். ஒரு பாதிக்கு ஒரே நேரத்தில் இரண்டு கரு. மறு பாதிக்கு ஒரு கரு, அது பலிக்காவிட்டால் உறையவைத்த இன்னொன்று அடுத்த முறை. குழந்தை பெற்றவர்கள் முதல் குழுவில் 42.9 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 38.8. வித்தியாசம் சிறிது. அப்படிப் பெற்றவர்களுக்குள் இரட்டை பிறந்ததோ முதல் குழுவில் 33.1 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 0.8. ஸ்வீடனில் 2003லேயே 'பொதுவாக ஒரு கருதான்' என்று விதி வந்திருந்தது. பெல்ஜியம் அதே ஆண்டில், ஒரு கரு வைத்தால்தான் அரசு செலவை ஏற்கும் என்று இளம்வயதுப் பெண்களுக்கு நிபந்தனை போட்டது. இரு நாடுகளிலும் இரட்டையர் விகிதம் மளமளவென்று சரிந்தது. அமெரிக்காவிலும் 1980இல் 1,000 குழந்தைகளுக்கு 18.9 என்றிருந்த இரட்டைக் குழந்தைகளின் பங்கு 2014இல் 33.9 வரை ஏறி, பிறகு இறங்கத் தொடங்கியது.

இந்தியாவில் உதவிக் கருத்தரிப்புக்குச் சட்டம் 2021இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த வாடகைத்தாய் விதிகள், வாடகைத்தாய்க்கு ஒரு சுற்றில் ஒரு கரு, சிறப்புச் சூழலில் மட்டும் மூன்று வரை என்கின்றன. எழுத்தில் நல்ல விதி. ஆனால் நம் ஊரில் செலவு முழுவதும் தம்பதியின் தலையில். காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. இரண்டாவது முறை வருவதற்குப் பணம் இருக்காது என்கிற பயம் அவர்களுக்கு. இந்த மாத வெற்றிக் கணக்கு மையத்துக்கு. இருவருடைய அவசரமும் ஒரே திசையில் இழுக்கும்போது, பெல்ஜியம் செய்ததைப் போல யாராவது பணத்தைப் போட்டால் ஒழிய, இத்தகைய விதி எதற்கும் வலுவிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. மேம்பாலத் தூண்களில் தொட்டில் நிறைய இரட்டையர் படம் போட்டு விளம்பரம் செய்யும் மையங்கள் இருக்கும்வரை, "ரெண்டா வச்சிடுங்க" என்று கேட்கிற தம்பதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2019இல் ஆந்திராவின் குண்டூரில் 70ஐக் கடந்த ஒரு பெண் தானமாகப் பெற்ற முட்டை மூலம் இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்றபோது, ஊடகங்கள் சாதனை என்றுதான் எழுதின. அந்த வயதில் இது சரிதானா என்ற கேள்வியை மருத்துவ அமைப்புகள்தான் எழுப்பின.

சலுகை விலையின் மறுபக்கம்

இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். எடை குறைவு, மூச்சுத் திணறல், இன்குபேட்டர். தாய்க்கு ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, கர்ப்பகாலச் சர்க்கரை, பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு என எல்லாமே ஒற்றைக் கர்ப்பத்தைவிடக் கூடுதல். இரண்டு பிள்ளைகளும் சில வாரம் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யு.) கிடந்தால், மிச்சம் பிடித்த இன்னொரு சுற்றுச் செலவு அங்கேயே போய்விடும். நல்ல மருத்துவமனையும் நாள்கணக்கில் கவனிப்பும் இருந்தால் பெரும்பாலான இரட்டையர் தேறி வந்துவிடுகிறார்கள். அவை இல்லாத இடத்து நிலவரம் வேறு. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இரட்டையராகப் பிறப்பவர்களில் ஐந்தில் ஒருவர் ஐந்து வயதுக்குள் இறந்துவிடுவதாக 2017இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. உலக அருங்காட்சியகங்களில் ரசிக்கப்படும் யொரூபா மரச்சிற்பங்களான 'இபேஜி', இரட்டையரில் ஒன்று இறந்தால் அதற்கு ஈடாகச் செதுக்கப்பட்டவை. தாய்மார் அந்தப் பொம்மையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, உயிரோடிருக்கும் பிள்ளையோடு வைத்து வளர்த்தார்கள்.

ஆசைப்பட்டோ தற்செயலாகவோ, ஸ்கேனில் இரண்டு தெரிந்துவிட்டால் வீட்டில் முதலில் வரும் கேள்விகள் ஆணா பெண்ணா, யார் ஜாடை என்பவை. முதலாவதைச் சொல்வது சட்டப்படி குற்றம், இரண்டாவதற்கு அவசரமில்லை. அன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டியது, "நஞ்சுக்கொடி ஒண்ணா, ரெண்டா டாக்டர்?" ஒரே நஞ்சைப் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டையரில் 100க்கு 10 முதல் 15 ஜோடிகளுக்கு, ஒரு குழந்தையின் ரத்தம் மற்றொன்றுக்குப் பாய்ந்து இரண்டுமே ஆபத்துக்குள்ளாகும் சிக்கல் வரலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் லேசர் மூலம் சரிசெய்ய வழியுண்டு. நஞ்சு ஒன்றா இரண்டா என்பது 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். நாள் தள்ளினால் பிரித்தறிவது கடினம். ஒன்றுதான் என்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். தனித்தனி என்றால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், ஸ்கேன் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும்.